உப்பில்லாத துரு

அந்துவான்,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கிட்டத்தட்ட பத்து வருடமாக உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்காகத்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, சென்னையிலிருந்து நீ போன் செய்தாய். "அப்பா, கல்யாணத்துக்குத் தொந்தோன் கார் குடுக்கறாருப்பா! சும்மா, கிஃப்ட்டு! போட்டோ அனுப்பிச்சிருக்கேன், பாருங்க" என்றாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை. படத்தைப் பார்த்தேன். வெள்ளை நிற வண்டி. பானெட்டின் மேல் சிவப்பு ரிப்பன். படத்தோடு சேர்த்து அந்தத் தொந்தோன், உன் மாமா, உனக்கு அனுப்பிய குரல் பதிவையும் எனக்கு அனுப்பியிருந்தாய். "சீட்டுக்கடியில லேசா துரு தெரியும்டா அந்துவான், அதப் பாத்துப் பயந்துடாத. பீச்சாண்ட நின்ன வண்டி. உப்புக் காத்து, வேற ஒண்ணுமில்ல." அந்தப் பதிவை நான் நான்கு முறை கேட்டேன். பீச்சாண்ட நின்ன வண்டி, உப்புக் காத்து, வேற ஒண்ணுமில்ல. இதே வார்த்தைகள், இதே வரிசையில், இதே சிரிப்போடு, நம் வீட்டு வாசலில் நின்று என்னிடம் சொல்லப்பட்டவை. அன்றைக்கு நான் நம்பினேன். அதனால் உன் அம்மாவுக்கு என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்.

உனக்குப் பெயர் வைத்த நாளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் கோபம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. என் அப்பாவின் பெயரை ஒட்டி உனக்கு அந்தோணிசாமி என்று வைக்க நினைத்திருந்தேன். ஞானஸ்நானத்தன்று உனக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் உன் அம்மாவின் அண்ணன். சாமியார் குழந்தையின் பெயரைக் கேட்டதும் எனக்கு முன்னால் அவர் "அந்துவான்" என்றார். பதிவேட்டில் அது ஏறிவிட்டது. வெளியே வந்து என் தோளில் தட்டி, "ரெண்டும் ஒரே அர்ச்சிஷ்டவர் பேருதான், அந்தோணியாரு பேருதான் மாப்ள, கோச்சிக்காதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு நீ பேசத் தொடங்கியதும் மாமா என்று கூப்பிட விடாமல், பிரெஞ்சு வழக்கப்படி தொந்தோன் என்று கூப்பிடப் பழக்கினார். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர் அவர். நான் வேதியியலில் முதுகலை முடித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கு இருந்த மதிப்பு என் படிப்புக்கு ஒருநாளும் இருந்ததில்லை. "வாத்தியார் சாப்பிட்டாரா?" என்று அவர்கள் கேட்கும்போது அதில் மரியாதையும் இருக்கும், அதற்கு அடியில் வேறொன்றும் இருக்கும். இதையெல்லாம் சின்ன விஷயம் என்பாய். எனக்குச் சின்ன விஷயங்கள் மறப்பதில்லை. அது என் குறை என்று உன் அம்மா சொல்வாள். இருக்கட்டும்.

சென்னையில் அந்தப் பெரிய வெள்ளம் வந்து போன அடுத்த கோடையில், ஒரு சனிக்கிழமை பகலில், உன் தொந்தோன் முத்தியால்பேட்டையில் நம் வீட்டு வாசலில் ஒரு நீல நிறக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நீ அப்போது பிளஸ் டூ. ஓடிப்போய் முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாய். அவருக்கு அப்போதே பழைய கார் வாங்கி விற்கும் தொழில் தொடங்கியிருந்தது. "பச்சத் தண்ணி படாத வண்டி மாப்ள. வெளிய எவனுக்காவது குடுத்துருப்பேன், தங்கச்சி ஸ்கூட்டர்ல முதுகு வலிக்குதுன்னா, மனசு கேக்கல" என்றார். உள்ளே மல்லிகை சென்ட்டு வாசனை மூக்கை அடைத்தது. சீட் உறை புதிது, கார்பெட் புதிது, கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது. நான் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தேன். சீட் நகரும் தண்டவாளத்தில் பழுப்பு நிறத்தில் துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்திருந்தது. "மச்சான், உள்ள இவ்ளோ துரு இருக்கே?" என்று கேட்டேன். அவர் உன் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு நான் துரு பத்திப் பாடம் எடுக்கணுமா? பீச்சாண்ட நின்ன வண்டி. உப்புக் காத்து, வேற ஒண்ணுமில்ல."

நம் ஊரில் பிறந்தவன் எவனும் இந்தப் பதிலை மறுக்க மாட்டான். நம் வீட்டு கேட் துரு, ஜன்னல் கம்பி துரு, மாடியில் தண்ணீர்த் தொட்டியின் ஏணி துரு. கடலிலிருந்து ஐந்து நிமிட நடையில் குடியிருக்கிறவனுக்குத் துரு என்பது வெயில் மாதிரி, மழை மாதிரி. சென்னைக்காரனோ சேலத்துக்காரனோ அந்தத் துருவைப் பார்த்திருந்தால் வண்டியை விட்டு எட்டி நின்றிருப்பான். புதுச்சேரிக்காரனான நான் துருவைப் பார்த்ததும் உடனே மன்னித்து, காசு கொடுத்து வாங்கியும்விட்டேன். அதைவிடப் பெரிய வெட்கம், துரு எப்படிப் பிடிக்கிறது என்பதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியவன் நான். உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும். முதலில் கதவு விளிம்பு, பானெட் ஓரம், சக்கரத்துக்கு மேல் வளைவு. அங்கெல்லாம் அந்த வண்டி பளபளவென்று இருந்தது. வெளியே பளபளப்பு, உள்ளே சீட்டுக்கடியில் மட்டும் துரு என்றால் தண்ணீர் வெளியே பட்டுப் போகவில்லை, உள்ளே தேங்கி நின்றிருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது மறுபடி குனிந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உறவுக்காரன் கொண்டுவந்து நிறுத்தும் வண்டியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, அந்துவான். அவருடைய தொழிலின் மூலதனமே அதுதான். இந்த முறை பரிசு என்கிறார். பரிசு என்றால் நீ எட்டிக்கூடப் பார்க்க மாட்டாய்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் சாமியார் வண்டியை மந்திரித்தார். நினைவிருக்கிறதா, நான்கு கதவையும் திறந்துவைத்துத் தீர்த்தம் தெளித்தார். நீ கூட, "நல்லா உள்ள தெளிங்க ஃபாதர், அப்பாவுக்கு டிரைவிங் சரியா வராது" என்றாய், அவரும் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு முறை தெளித்தார். அன்று சாயங்காலம் முன்பக்கக் கார்பெட்டில் கால் வைத்தேன். ஈரம். மறுநாளும் ஈரம். இரண்டு வாரம் கழித்தும், சித்திரை வெயிலிலும், காலை வைத்தால் சில்லென்றது. தூக்கிப் பார்க்கலாம் என்று குனிந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தீர்த்தம் பட்ட எடம்ங்க. காயும்போது காயட்டும், நோண்டாதீங்க" என்றாள். நான் விட்டுவிட்டேன். நாலு சொட்டுத் தீர்த்தம் இரண்டு வாரம் காயாமல் இருக்காது என்று சொல்ல ஒரு முதுகலைப் பட்டம் தேவையில்லை. கார்பெட்டுக்குக் கீழே தடிமனாக ஒரு பஞ்சு மெத்தை இருக்கும். வெள்ளத் தண்ணீரை அது மாதக்கணக்கில் குடித்து வைத்திருக்கும். மேலே புதுக் கார்பெட் போட்டு மூடியவன் அந்தப் பஞ்சை மாற்றச் செலவு செய்யவில்லை. நாங்கள் அதன் மேல் முழந்தாளிடாத குறையாக மரியாதையோடு உட்கார்ந்து போய்வந்தோம்.

பிறகு நடந்தவற்றில் பாதி உனக்கு வேடிக்கையாக நினைவிருக்கும். சிக்னலில் நின்றால் பின்கதவுக் கண்ணாடி தானாக இறங்கும். ராத்திரி ஹார்ன் தானாக அடிக்கும். எதிர்வீட்டுக்காரர் வந்து, "சார், ஒங்க வண்டி யாரயோ கூப்புடுது" என்பார். நீ அதற்குப் பேய் வண்டி என்று பெயர் வைத்தாய். மெக்கானிக் ஒவ்வொரு முறையும் "ஒயரிங் சார்" என்று சொல்லி ஒரு இடத்தைச் சரிசெய்வார். அடுத்த வாரம் வேறொரு இடம் போகும். சேற்றுத் தண்ணீரில் ஊறிய ஒயர் உடனே செத்துவிடாது. உள்ளே செம்பு பச்சையாகிக்கொண்டே வரும். ஆறு மாதம் கழித்து, ஒரு வருடம் கழித்து, விற்றவன் கைகழுவிய பிறகு, ஒவ்வொன்றாக நிற்கும். எது எப்போது நிற்கும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. அதனால்தான் அப்படிப்பட்ட வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகளே பழுது பார்க்க வேண்டாம் என்று முழு நஷ்டமாக எழுதித் தள்ளிவிடுகின்றன. அவற்றை ஏலத்தில் மொத்தமாக எடுத்து, கழுவி, சென்ட்டு அடித்து, ஜெபமாலை மாட்டித் தங்கச்சி வீட்டு வாசலில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற பாதி உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு அந்த ஆடியில் இருமல் வந்தது. வீட்டில் இருந்தால் இல்லை, காரில் ஏசி போட்டால் வரும். கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வீட்டில் நாய் உண்டா, பூனை உண்டா, மெத்தை பழசா என்றெல்லாம் கேட்டார். காரைப் பற்றி அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஆஸ்துமா என்று எழுதி இன்ஹேலர் கொடுத்தார்கள். அந்த இன்ஹேலரை வாங்கிக்கொண்டு, அதே காரில், அதே ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். ஏசி குழாய்க்குள்ளும் சீட் பஞ்சுக்குள்ளும் பூசணம் பூத்துக் கிடந்ததும், ஏசி அதை நேராக அவள் மூக்குக்கு ஊதிக்கொண்டிருந்ததும் பிறகுதான் தெரிந்தது. அவளைக் குணமாக்கப் போன ஒவ்வொரு பயணத்திலும் நானே அவளுக்கு அந்த நஞ்சைக் கொடுத்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒருநாள் மாலை மரப்பாலம் சிக்னலில் மழை. நீ டியூஷனில் இருந்தாய். வண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் இறங்கி பானெட்டைத் திறந்தேன். முதுகுக்குப் பின்னால் நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. சாவி உள்ளே. உன் அம்மா உள்ளே. கண்ணாடி இறங்கவில்லை, உள்ளிருந்து இழுத்தாலும் பூட்டு விடவில்லை. அவளுக்கு மூச்சுத் திணறத் தொடங்கியது. இன்ஹேலர் பின்சீட்டுப் பையில். எட்டி எடுக்கப் பார்த்து, முடியாமல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைக் கையால் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் ஓடிவந்து, "கையில அடிச்சா ஒடயுமா சார்? தள்ளுங்க. அம்மா, மூஞ்ச மூடிக்கோங்க!" என்று கத்திவிட்டு ஜாக்கிக் கம்பியால் பின்கண்ணாடியை உடைத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. லாரியிலிருந்து கல் தெறித்துக் கண்ணாடி உடைந்தது என்று அன்று உன்னிடம் சொன்னோம். அது பொய். உன் பரீட்சைக்காகச் சொன்ன பொய் பத்து வருடம் நிலைத்துவிட்டது.

மறுநாள் மெக்கானிக் எல்லா சீட்டையும் கழற்றினார். கார்பெட்டுக்கு அடியில் உலர்ந்த வண்டல், அதில் ஒட்டிய புளிய இலைகள், ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பு. டேஷ்போர்டுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டதுபோல் தண்ணீர் நின்ற அடையாளம். அவர் இன்னொன்றையும் காட்டினார். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். நம் வண்டியில் அது எரிவதே இல்லை, நான் கவனித்ததும் இல்லை. அந்த விளக்கின் இணைப்பை யாரோ வேண்டுமென்றே துண்டித்திருந்தார்கள். ஏர்பேக் வேலை செய்யாது என்பது அந்த யாரோவுக்குத் தெரியும். தெரிந்துதான் விளக்கை அணைத்துவிட்டு வண்டியை விற்றிருக்கிறார்கள். "இத வெள்ளம் பண்ணல சார், கை பண்ணியிருக்குது" என்றார் மெக்கானிக்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த வண்டியை நான் விற்கப் பார்த்தேன். கண்ணாடி மாற்றினேன், கார்பெட்டைத் திரும்ப ஒட்டினேன், சென்ட்டு புட்டி வாங்கி மாட்டினேன். வைத்திக்குப்பத்திலிருந்து சேகர் என்று ஒருவர் பார்க்க வந்தார். கடலுக்குப் போகிறவர், முப்பது வயது இருக்கும், மனைவியும் கைக்குழந்தையும் கூட வந்திருந்தார்கள். குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து அந்தப் பெண் சிரித்தாள். சேகர் குனிந்து சீட்டுக்கடியில் பார்த்து, "இன்னா சார் இவ்ளோ துரு?" என்றார். என் வாய் தானாகச் சொன்னது: "பீச்சாண்ட நின்ன வண்டிப்பா. உப்புக் காத்து, வேற ஒண்ணுமில்ல." சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்கு உறைத்தது.

சேகர் சீட் தண்டவாளத்தில் விரலை விட்டுத் துருவையும் புழுதியையும் சுரண்டி எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு நாக்கு நுனியில் வைத்தார். சட்டென்று திரும்பித் தெருவோரமாகத் துப்பினார். "உப்பே இல்லியே சார்" என்றார். "நான் பொறந்ததுலேந்து உப்புல கெடக்குறவன். எங்க எஞ்சின்ல புடிக்கிற துருவ நக்குனா நாக்கு பிச்சிக்கும். இது சப்புன்னு கீது. ஏரித் தண்ணி சார், சாக்கட வேற." அவர் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னது இதுதான்: "ஒங்கள யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க சார். படிச்சவங்க, பாத்து வாங்கக் கூடாதா?" எனக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். அவர் என் சட்டையைப் பிடித்திருந்தால்கூட நான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தப் புழுதியைக் காகிதத்தில் மடித்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். நம் வீட்டு கேட்டிலிருந்து சுரண்டிய துருவை ஒரு குழாயிலும், காரின் துருவை இன்னொரு குழாயிலும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, வடிகட்டி, சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டேன். முதலாம் ஆண்டு மாணவன் செய்கிற சோதனை. கேட்டின் குழாய் தயிர் உறைந்ததுபோல் வெள்ளையாயிற்று. காரின் குழாய் லேசாக மங்கியதோடு சரி. சேகரின் நாக்கு ஒரு நொடியில் சொன்னதைத்தான் என் ஆய்வகமும் சொன்னது. முதல் நாளே நான் இதைச் செய்திருக்கலாம். மச்சானைச் சந்தேகப்பட்டு ஆய்வகத்துக்குப் போவது மரியாதை இல்லை என்று நினைத்த முட்டாள் நான்.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். மரப்பாலத்தில் நடந்ததைச் சொன்னேன், வண்டலைச் சொன்னேன், துண்டித்த விளக்கைச் சொன்னேன். ஊஞ்சல் நிற்கவில்லை. "நானா ஒங்கள வாங்கச் சொல்லி வற்புறுத்தினேன்? குனிஞ்சி பாத்துதானே வாங்கினீங்க? படிச்சவரு நீங்க" என்றார். அதே சொல்லைச் சேகரும் சொன்னார், அதில் இரக்கம் இருந்தது. இவர் சொன்னபோது அது என் கன்னத்தில் விழுந்தது. "தங்கச்சிக்கு இப்ப ஒண்ணும் இல்லல்ல? அப்புறம் என்ன மாப்ள, காபி சாப்புடுங்க" என்றார். தங்கை மூச்சுக்குத் தவித்ததைச் சொன்னதற்குக் காபி. அந்துவான், இதுவரை அவர், அவர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். உன் அம்மாவுக்காகத்தான். இனிமேல் என்னால் முடியாது.

அவன் மேல் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் புகார் எழுதினேன். மெக்கானிக்கின் குறிப்பு, ஆய்வகச் சோதனை, படங்கள் எல்லாம் சேர்த்துப் பதினோரு பக்கம். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது உன் அம்மா வந்து காகிதத்தின் மேல் கையை வைத்தாள். அவளுடைய அப்பா செத்தபோது அவளைப் படிக்கவைத்தவன் அந்த அண்ணன். அதை நான் மறுக்கவில்லை. "உங்க கையெழுத்துப் போட்டு எங்கண்ணனுக்கு எதிரா ஒரு தாளு இந்த வூட்ட விட்டு வெளிய போவக் கூடாது. போச்சின்னா நானும் போயிடுவேன்" என்றாள். இருமிக்கொண்டே சொன்னாள். நான் சரி என்றேன். வண்டியைக் காயலான் கடைக்குக் கொடுத்தேன், வேறு யாரும் ஓட்டக் கூடாது, உடைக்க மட்டும்தான் என்று சொல்லி, கண்ணெதிரில் உடைக்கவைத்துவிட்டு வந்தேன். புகார் இன்னும் என் மேசை இழுப்பறையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவன் கேக் அனுப்பினான், நான் தின்றேன். ஒவ்வொரு துண்டையும் வெறுப்போடு தின்றேன். ஏசியில் உட்கார்ந்தால் உன் அம்மா துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், அவன் விற்ற வண்டி ஒன்றில் அவனே ஒருநாள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கோயிலில் முழந்தாளில் நின்று வேண்டியிருக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று பிரசங்கத்தில் புத்தி சொல்கிறவர்கள் யாரும் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றதில்லை. ஆகவே இதை உன்னைக் காப்பாற்ற மட்டும் எழுதவில்லை. அவனைக் கெடுக்கவும்தான் எழுதுகிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை, முயற்சியும் செய்யவில்லை. உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் என் பெயருக்கு மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான், "அந்த வண்டிய மட்டும் வேணாம்டா" என்றபோது, "நீங்க எல்லாத்தையும் சந்தேகப்படுவீங்கப்பா, அதான் நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாய். அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஹெட்லைட்டுக்குள் பனி படிந்ததுபோல் மங்கலாக இருக்கிறது. ஐந்து வருட வண்டிக்குப் புத்தம் புதுக் கார்பெட் எதற்கு? நீ என்னை நம்ப வேண்டாம். சனிக்கிழமை வரும்போது பட்டப்பகலில் நீயே பார். கண்ணாடிகளை ஏற்றி ஒரு மணிநேரம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திற; சென்ட்டுக்கு அடியில் ஊறிய கோணி நாற்றம் வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழு. அதைக் கழுவுகிறவர்கள் வெளியே தெரிகிற பாதியைத்தான் கழுவுவார்கள், மீதியில் சேற்றுக் கறை இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார். எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, விளக்குகள் எல்லாம் எரிந்து அணைகின்றனவா என்று எண்ணு. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிட எரியாத விளக்குக்குப் பயப்படு. வண்டி எண்ணைக் கொடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் பழைய இழப்பீட்டு விவரத்தைக் கேள். நமக்குத் தெரியாத ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போ, அவனுக்குத் தெரிந்தவனை அல்ல. கடைசியாக, சீட்டுக்கடியில் இருக்கும் துருவை எடுத்து நாக்கில் வை. கூச்சப்படாதே. நான் கூச்சப்பட்டேன். சப்பென்று இருந்தால் துப்பிவிட்டு, சாவியை அவன் மேசையில் போட்டுவிட்டு வா. காபி கொடுப்பான், குடிக்காதே.

உன்னைக் கட்டிக்கொள்ளப்போகும் ஸ்டெல்லாவை நினைத்துக்கொள். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இரவு டியூட்டி முடிந்து, மழையில், தனியாக, அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வரப்போகிறவள் அவள்தான். நீ சென்னையில் இருப்பாய். அவள் மரப்பாலம் சிக்னலில் நிற்கும்போது ஜாக்கிக் கம்பியோடு ஒருவர் ஓடிவருவார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இதை போனில் அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய், பிறகு அழித்துவிடுவாய். அதனால் தபாலில் அனுப்புகிறேன். மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. ஒன்று கல்யாணப் பூசை முடிந்ததும் அந்த வண்டியை மந்திரிக்கப்போகும் பங்குச் சாமியாருக்கு. தீர்த்தம் தெளிப்பதற்கு முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள் சாமி என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது அவனுக்கு. ஊஞ்சலில் உட்கார்ந்து படிக்கட்டும். ஊஞ்சல் நிற்கிறதா என்று பார்க்க நான் அங்கே இருக்க மாட்டேன், அது ஒன்றுதான் எனக்குக் குறை.

உன் அம்மா பக்கத்து அறையில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். நடுவில் இருமுகிறாள். என் கையெழுத்துப் போட்டு அவள் அண்ணனுக்கு எதிராக ஒரு தாள்கூட இந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றாள். பத்து வருடமாக அந்தச் சொல்லைக் காப்பாற்றினேன், இன்றைக்கும் காப்பாற்றுவேன். இதை எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். மூன்று உறையிலும் பெறுபவர் முகவரி மட்டும்தான் இருக்கிறது. கடிதத்தின் அடியில் என் பெயர் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. இப்படியேதான் கொண்டுபோய்ப் போடப்போகிறேன். யார் எழுதியது என்று அவனுக்குத் தெரியும்.